பக்கத்தில் காலி இடம் இருக்கிறதா?

ஒரு மின்கம்பியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் செம்பு, சுற்றிலும் பிளாஸ்டிக் உறை. இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் செம்பில் மின்சாரம் தடையில்லாமல் ஓடுகிறது, உறையைத் தாண்டி வெளியே ஒரு துளிகூட வருவதில்லை. ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு மின்தடை எண். பாலிஎத்திலீன் போன்ற ஒரு பிளாஸ்டிக்கின் மின்தடை எண், செம்பின் மின்தடை எண்ணைப்போல் எத்தனை மடங்கு என்று எழுதப்போனால் 1க்குப் பின்னால் 20 பூஜ்யம் போட்டாலும் போதாது. அடர்த்தி, உருகுநிலை, கடினம் என்று வேறு எந்தக் குணத்தை எடுத்துக்கொண்டாலும் பொருளுக்குப் பொருள் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் பள்ளியில் ஒரு பதில் சொல்லித் தருவார்கள். செம்பில் கட்டுப்படாத எலக்ட்ரான்கள் இருக்கின்றன, பிளாஸ்டிக்கில் இல்லை. பதில் மாதிரி இருக்கிறது, ஆனால் கேள்வியையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வதுதான் இது. ஒன்றில் ஏன் கட்டுப்படவில்லை, இன்னொன்றில் ஏன் கட்டுப்பட்டது? எண்ணிக்கைதான் காரணமோ என்று கணக்குப் போட்டால் இன்னும் குழப்பம். ஒரு கிராம் செம்பில் இருக்கும் மொத்த எலக்ட்ரான்கள் சுமார் 2.7 × 10²³. ஒரு கிராம் பாலிஎத்திலீனில் சுமார் 3.4 × 10²³. பிளாஸ்டிக்கில்தான் அதிகம்! செம்பு எலக்ட்ரான் ஒரு ரகம், பிளாஸ்டிக் எலக்ட்ரான் ஒரு ரகம் என்றும் கிடையாது. உலகத்தில் உள்ள எல்லா எலக்ட்ரானும் ஒரே அச்சு. நிறை, மின்னூட்டம், தற்சுழற்சி எதிலும் இம்மியளவு வித்தியாசம் இல்லை.

அப்படியானால் வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது. எலக்ட்ரான் போய் உட்காருவதற்குப் பக்கத்தில் காலி இடம் இருக்கிறதா, இல்லையா என்பதில் இருக்கிறது. இடம் என்று நான் சொல்வது அறையில் ஒரு மூலை என்ற பொருளில் இல்லை. எலக்ட்ரான் எடுத்துக்கொள்ள அனுமதி உள்ள ஒரு நிலை, அதாவது குறிப்பிட்ட ஆற்றலும் குறிப்பிட்ட வடிவமும் உடைய ஓர் அலை. அந்த இடங்கள் எப்படி உண்டாகின்றன, அவற்றில் யார் யார் உட்காரலாம் என்ற இரண்டைத்தான் குவாண்டம் இயக்கவியல் சொல்கிறது.

அணு ஏன் சுருங்கிப்போகவில்லை

1911இல் ரதர்ஃபோர்டு அணுவின் நடுவே அணுக்கரு இருக்கிறது என்று காட்டினார். கூடவே ஒரு தலைவலியும் வந்து சேர்ந்தது. அணுக்கருவுக்கு நேர்மின்னூட்டம், எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று இழுக்கும். சரி, சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் எலக்ட்ரான் சுற்றிக்கொண்டிருக்கட்டும் என்றால் அன்றைய இயற்பியல் அதற்கும் வழிவிடவில்லை. வளைந்து ஓடும் மின்னூட்டம் ஒளியை உமிழ்ந்துகொண்டே இருக்கும். உமிழ உமிழ ஆற்றல் குறையும். எலக்ட்ரான் சுழன்று சுழன்று அணுக்கருவுக்குள் விழுந்துவிடும். கணக்குப்படி ஒரு ஹைட்ரஜன் அணு தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடி கூறு போட்டால் கிடைக்கும் ஒன்றிரண்டு கூறு. அவ்வளவுதான். பிரபஞ்சமே அந்தக் கணத்தில் முடிந்திருக்க வேண்டும்.

1913இல் நீல்ஸ் போர், சில குறிப்பிட்ட பாதைகளில் மட்டும் எலக்ட்ரான் ஒளி உமிழாமல் இருக்கும் என்று ஒரு விதியைப் போட்டார். ஹைட்ரஜன் உமிழும் நிறமாலைக் கோடுகள் அந்த விதியிலிருந்து அச்சாக வந்து விழுந்தன. அந்தக் கோடுகளுக்கு ஸ்விஸ் பள்ளி ஆசிரியரான யோஹான் பால்மர் 1885இலேயே ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அது ஏன் பொருந்துகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. போர் அதைத் தீர்த்தார். ஆனால் ஏன் அந்தப் பாதைகள் மட்டும் என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை.

பதில் 1924இல் லூயி டி பிராய் என்ற பிரெஞ்சு ஆய்வு மாணவரிடமிருந்து வந்தது. ஒளி அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்கிறது என்றால் எலக்ட்ரானும் ஏன் அலையாக நடந்துகொள்ளக் கூடாது என்று கேட்டார். மூன்றே வருடத்தில் ஆதாரம் கிடைத்தது. நிக்கல் படிகத்தின்மீது எலக்ட்ரான்களைச் செலுத்திய டேவிசனும் ஜெர்மரும், அவை அலைகளைப்போலவே சில திசைகளில் குவிந்தும் சில திசைகளில் மறைந்தும் சிதறுவதைப் பார்த்தார்கள். அதே 1927இல் ஜி. பி. தாம்சன் மெல்லிய தகடுகளின் வழியாகச் செலுத்தி அதையே கண்டார். இவருடைய அப்பா ஜே. ஜே. தாம்சன்தான் 1897இல் எலக்ட்ரானைத் துகள் என்று நிறுவியவர். அப்பாவுக்கு 1906இல் நோபல், மகனுக்கு 1937இல் நோபல். அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

அலை என்று ஒத்துக்கொண்டால் இடங்கள் தானாகவே பிறந்துவிடும். இரண்டு முனையையும் இழுத்துக் கட்டிய ஒரு தந்தியை மீட்டினால் எல்லாச் சுரமும் வராது. தந்தியின் நீளத்துக்குள் அடங்கும் அலைகள் மட்டுமே நிலைக்கும், மற்றவை தம்மைத்தாமே அழித்துக்கொள்ளும். அணுக்கருவின் இழுவிசைக்குள் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான் அலைக்கும் அதே கதிதான். 1926இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாடு, எந்தெந்த அலைகள் அடங்கும், ஒவ்வொன்றின் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்தது.

எலக்ட்ரான் ஏன் உள்ளே விழவில்லை என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக மனமில்லை, எண்களோடு பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். அலையை ஒடுக்க ஒடுக்க அதன் அலைநீளம் குறையும். அலைநீளம் குறைந்தால் இயக்க ஆற்றல் ஏறும். ஹைட்ரஜனின் இயல்பான அளவில், அதாவது ஆரம் சுமார் 0.053 நானோமீட்டராக இருக்கும்போது, எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது). அணுக்கருவின் ஈர்ப்பால் கிடைக்கும் ஆற்றல் கழித்தல் 27.2. கூட்டினால் கழித்தல் 13.6. இப்போது அணுவைப் பாதியாக நசுக்குவோம். ஈர்ப்பு இரண்டு மடங்காகிக் கழித்தல் 54.4 ஆகும். ஆனால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகி அதுவும் 54.4 ஆகிவிடும். கூட்டினால் பூஜ்யம்! ஆற்றல் ஏறிவிட்டது, நசுக்கியதில் நஷ்டம்தான். சரி, இரண்டு மடங்கு பெரிதாக்கினால்? இயக்க ஆற்றல் 3.4, ஈர்ப்பு கழித்தல் 13.6, மொத்தம் கழித்தல் 10.2. அதுவும் நஷ்டம். சுருங்கினாலும் நஷ்டம், விரிந்தாலும் நஷ்டம் என்ற அந்த ஒரே அளவில் அணு நின்றுவிடுகிறது. எலக்ட்ரானை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. உள்ளே போவதற்கு ஆகும் செலவு வரவைவிட அதிகம்.

இந்தக் கணக்கில் சுற்றுவது என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹைட்ரஜனின் மிகத் தாழ்ந்த நிலையில் எலக்ட்ரானுக்குக் கோண உந்தம் பூஜ்யம். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அது எதையும் சுற்றவில்லை. சூரியக் குடும்பம் போன்ற அணுப் படம் இன்னும் எல்லா இடத்திலும் சின்னமாக ஒட்டப்படுகிறது. நூறு வருடமாகத் தவறென்று தெரிந்தும் போகமாட்டேன் என்கிறது.

அலை என்றால் எலக்ட்ரான் மாவு மாதிரி அணு முழுக்கப் பரவிக் கிடக்கிறதா என்று ஒரு சந்தேகம் வரும். மாக்ஸ் பார்ன் 1926இல் கொடுத்த விளக்கப்படி, அலை எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே எலக்ட்ரான் அகப்படும் நிகழ்தகவு அதிகம். அளக்கும்போது அகப்படுவது எப்போதும் ஒரு முழு எலக்ட்ரான்தான், அரையோ காலோ அகப்படாது. அளப்பதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்பதில் இயற்பியலாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. நம் கதைக்கு அந்தச் சண்டை தேவைப்படாது. எந்தக் கட்சியில் இருந்தாலும் போடும் கணக்கு ஒன்றுதான்.

ஓர் இடத்தில் இரண்டு பேர்

இடங்கள் கிடைத்துவிட்டன. அடுத்த கேள்வி, யார் எங்கே உட்காருவது? எல்லாப் பொருளும் ஆற்றல் குறைந்த நிலையைத்தான் நாடும். அப்படிப் பார்த்தால் ஈயத்தின் 82 எலக்ட்ரான்களும் மிகத் தாழ்ந்த அந்த ஒரே இடத்தில் போய்க் குவிந்திருக்க வேண்டும். ஈய அணு ஹைட்ரஜன் அணுவைவிடப் பல மடங்கு சிறியதாக இருந்திருக்கும். தனிமங்களுக்குள் வேதியியல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நடப்பது அதுவல்ல. ஹீலியத்தின் இரண்டு எலக்ட்ரான்களும் தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதிலிருந்து ஒன்றைப் பிய்த்தெடுக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அடுத்த தனிமம் லித்தியம். அணுக்கருவின் இழுவிசை கூடியிருக்கிறது, ஆகவே பிய்ப்பது இன்னும் கடினமாக இருக்க வேண்டும். ஆனால் 5.4 எலக்ட்ரான் வோல்ட்டே போதும். மூன்றாவது எலக்ட்ரானுக்குக் கீழே இடம் இல்லை, மேல்மாடியில் தொற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

1925இல் வோல்ஃப்கேங் பௌலி இதை விதியாகவே எழுதினார். எந்த இரண்டு எலக்ட்ரானும் எல்லா வகையிலும் ஒரே நிலையில் இருக்க முடியாது. எலக்ட்ரானுக்கு மேல், கீழ் என இரண்டு வகைத் தற்சுழற்சி உண்டு என்பதால், ஓர் அலை வடிவத்துக்கு இரண்டு பேர்தான் கணக்கு. இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்ற மின்விலக்கு விசையோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது. பௌலி விதி ஒரு விசையே அல்ல. யாரும் யாரையும் தள்ளவில்லை, இடம் இல்லை, அவ்வளவுதான். தனிம வரிசை அட்டவணையின் அமைப்பு முழுவதும், ஏன் சோடியம் துள்ளுகிறது, ஏன் நியான் சும்மா இருக்கிறது என்பது உட்பட, இந்த ஒரு விதியிலிருந்து இறங்குகிறது.

தரையில் நிற்கும்போது நாம் ஏன் உள்ளே போய்விடுவதில்லை என்பதற்கும் அணுக்களின் மின்விலக்கு என்றுதான் பலர் காரணம் சொல்வார்கள். அது பாதி பதில். மின்விசை மட்டும் இருந்து பௌலி விதி இல்லாமல் போயிருந்தால் பருப்பொருள் நிலைத்திருக்காது, சேரச் சேர உள்ளுக்குள் இடிந்துகொண்டே போயிருக்கும் என்பதை ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் 1967இல் கணித முறைப்படி நிறுவினார்கள். எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குறு மீனாக நிற்பதும் இதே விதியின் பலத்தில்தான். அந்தப் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்குமேல் அது தாங்காது என்று சுப்ரமணியன் சந்திரசேகர் கணக்கிட்டது தனிக் கதை. எலக்ட்ரானுக்கு இடம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு விண்மீன் நிற்கிறது என்று யோசித்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் தலை சுற்றும்.

கூட்டம் சேர்ந்தால்

ஓர் அணுவில் இடங்கள் படிக்கட்டு போலத் தனித்தனியாக இருக்கும். இரண்டு அணுக்களை நெருங்கவிட்டால் ஒவ்வொரு படியும் இரண்டாகப் பிரியும், ஒன்று சற்றுத் தாழ்ந்தும் ஒன்று சற்று உயர்ந்தும். நான்கு அணு என்றால் நான்காக. ஒரு கிராம் செம்பில் சுமார் 9.5 × 10²¹ அணுக்கள். ஒவ்வொரு படியும் அத்தனை படிகளாகப் பிரிந்தால் அவற்றுக்கு நடுவே இடைவெளி என்று எதுவும் கண்ணுக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. படி போய்ப் பட்டை வந்துவிடுகிறது. பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவில் சில பொருள்களில் எந்த இடமுமே இல்லாத ஒரு வெற்றிடம் விழுகிறது. அதைத்தான் ஆற்றல் இடைவெளி என்கிறோம்.

இந்தப் பட்டைகளில் எலக்ட்ரான்களைக் கீழிருந்து இரண்டிரண்டாக நிரப்பிக்கொண்டே வாருங்கள். நிரப்பி முடிக்கும்போது மேல்மட்டம் எங்கே நிற்கிறது? பட்டையின் நடுவில் நின்றால் அது உலோகம். ஒரு பட்டை விளிம்புவரை நிரம்பி, அடுத்தது முழுக்கக் காலியாக இருந்தால் அது மின்கடத்தாப் பொருள். கம்பியின் நடுவும் உறையும் பிரிகிற இடம் இதுதான்.

நிரம்பிய பட்டையில் ஏன் மின்சாரம் ஓடாது? சில்லுகளை நகர்த்தி எண்களை வரிசைப்படுத்தும் ஒரு விளையாட்டு உண்டு. பதினாறு கட்டத்தில் 15 சில்லுகள், ஒரு கட்டம் காலி. அந்த ஒரு காலிக் கட்டத்திலும் ஒரு சில்லை வைத்து அடைத்துவிட்டால் விளையாட்டே கிடையாது. இந்த உவமையில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிரம்பிய பட்டையில் எலக்ட்ரான்கள் அசையாமல் கிடப்பதில்லை. வலப்புறம் ஓடும் ஒவ்வொன்றுக்கும் அதே வேகத்தில் இடப்புறம் ஓடும் ஒன்று இருக்கிறது, ஆகவே மொத்த ஓட்டம் பூஜ்யம். மின்சாரம் பாய வேண்டுமென்றால் இடப்புறக்காரர்கள் சிலர் வலப்புறத்துக்கு மாற வேண்டும். மாறுவதற்கு வலப்புற இடங்களில் ஒன்றுகூடக் காலி இல்லை. மின்னழுத்தம் எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்கு ஏற்றினால்தான் உறை உடையும்.

உலோகத்தின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 1900இல் பால் ட்ரூடே உலோகத்தில் எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகள்போல் அலைந்து அணுக்களின்மேல் மோதுகின்றன என்று சொன்னார். பல விஷயங்கள் பொருந்தின, ஒன்று மட்டும் பொருந்தவில்லை. எலக்ட்ரான்கள் வாயுபோல இருந்தால் உலோகத்தைச் சூடாக்கும்போது அவையும் வெப்பத்தில் பங்கு கேட்கும். அளந்து பார்த்தால், அறை வெப்பநிலையில் அவை எடுத்துக்கொள்ளும் பங்கு எதிர்பார்த்ததில் சுமார் நூறில் ஒன்றுதான். இத்தனை எலக்ட்ரான்கள் மின்சாரம் கடத்துகின்றன, ஆனால் வெப்பம் மட்டும் வேண்டாம் என்கின்றனவா? கால் நூற்றாண்டுக்கு மேல் இது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சோமர்ஃபெல்ட் 1927இல் பௌலி விதியைக் கொண்டுவந்து இதைத் தீர்த்தார். செம்பில் நிரம்பிய மட்டத்தின் உயரம் 7 எலக்ட்ரான் வோல்ட். அறையின் வெப்பம் ஓர் எலக்ட்ரானுக்குக் கொடுக்கக்கூடியது சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட். அடியில் இருப்பவர்களுக்கு அந்தச் சில்லறையால் ஒரு பயனும் இல்லை, மேலே உள்ள இடங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. மட்டத்தை ஒட்டிய மெல்லிய ஏடுபோல் இருப்பவை மட்டுமே அசைய முடியும்.

அந்த மேல் ஏட்டில் உள்ள எலக்ட்ரான்கள் நொடிக்குச் சுமார் 1,570 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. வெப்பத்தால் வந்த வேகம் இல்லை, முழுப் பூஜ்ய வெப்பநிலையிலும் அது குறையாது. கீழே இடம் இல்லாததால் வந்த வேகம். ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் பாயும்போது மொத்தக் கூட்டமும் சேர்ந்து நகர்வது நொடிக்கு 0.07 மில்லிமீட்டர், அதாவது மணிக்கு ஒரு கால் மீட்டர். பொத்தானைத் தட்டியதும் விளக்கு எரிவது, தட்டிய இடத்து எலக்ட்ரான் விளக்குக்கு ஓடிப்போவதால் அல்ல. தகவல் மின்புலத்தின் வழியாகப் போகிறது, எலக்ட்ரான்கள் எங்கேயும் போய்ச்சேரும் அவசரத்தில் இல்லை.

ட்ரூடேவுக்கு இன்னொரு அடியும் காத்திருந்தது. செம்பில் அணுவுக்கு அணு தூரம் கால் நானோமீட்டர்தான். எலக்ட்ரான் அணுமேல் மோதுவதாக இருந்தால் ஒவ்வொரு கால் நானோமீட்டருக்கும் முட்ட வேண்டும். அளந்தால் அறை வெப்பநிலையில் சுமார் 40 நானோமீட்டர் முட்டாமல் போகிறது, நூற்றுக்கும் மேற்பட்ட அணுக்களைத் தாண்டி. மிகத் தூய்மையான செம்பை மிகவும் குளிர்வித்தால் அந்தத் தூரம் மில்லிமீட்டர் கணக்கில் போகும். 1928இல் ஃபெலிக்ஸ் ப்ளாக் என்ற 22 வயது இளைஞர் தன் ஆய்வேட்டில் காரணத்தைச் சொன்னார். அணுக்கள் சீராக வரிசையில் நிற்கும்வரை எலக்ட்ரான் அலைக்கு அவை தடையே அல்ல. அலை அந்த வரிசைக்கு ஏற்ப வளைந்துகொடுத்து முழுப் படிகத்திலும் பரவிவிடும். சீர் குலையும் இடத்தில்தான் அலை சிதறும். வெப்பத்தால் அணுக்கள் ஆடுவது, நடுவில் ஒரு வேற்று அணு புகுந்திருப்பது, வரிசையில் ஒரு பிசகு, இவைதான் மின்தடை. கம்பி சூடானால் மின்தடை ஏன் ஏறுகிறது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது.

நிறமும் இந்த இடக் கணக்குதான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், ஏறக்குறைய 1.65 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் கொண்டவை. வைரத்தின் ஆற்றல் இடைவெளி 5.5. எந்த ஃபோட்டானாலும் எலக்ட்ரானை அவ்வளவு உயரம் தூக்க முடியாது, ஆகவே ஒளி தொடாமல் கடந்துபோகிறது. வைரம் மின்சாரம் கடத்தாததும் ஒளியைக் கடத்துவதும் ஒரே காரணத்தின் இரண்டு முகம். சிலிக்கானின் இடைவெளி 1.12 மட்டுமே, கண்ணுக்குத் தெரியும் எல்லா ஃபோட்டானையும் அது விழுங்கிவிடும், ஒளிபுகா சாம்பல் நிறத்தில் இருக்கும். தங்கத்தின் மஞ்சள் இன்னும் விசேஷம். அதன் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகளால் சில இடங்கள் கீழே இறங்கி, சில மேலே ஏறி, இடையில் உள்ள தாவலின் அளவு குறைந்து நீல ஒளிவரை வந்துவிடுகிறது. நீலத்தை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புவதால் தங்கம் மஞ்சள். வெள்ளியில் அதே தாவல் புற ஊதாவில் இருப்பதால், நமக்குத் தெரியும் எல்லா நிறத்தையும் அது அப்படியே திருப்பிவிடுகிறது.

அழுக்கின் மகிமை

நிரம்பியது, நிரம்பாதது என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ளவைதான் குறைகடத்திகள். 1931இல் ஆலன் வில்சன் இவற்றைப் பட்டைக் கணக்கில் சரியாக வைத்தார். அதே வருடம் பௌலி ஒரு கடிதத்தில், குறைகடத்திகளில் யாரும் வேலை செய்யக் கூடாது, அது ஒரே அசிங்கம், அப்படி ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது என்ற தொனியில் எழுதினார். அவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ஒரே பொருளை இரண்டு ஆய்வகங்கள் அளந்தால் இரண்டு விடை வரும். காரணம், அதில் கலந்திருந்த கண்ணுக்குத் தெரியாத அழுக்கு.

அந்த அழுக்கின் கணக்கைப் பாருங்கள். தூய சிலிக்கானில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 × 10²² அணுக்கள். அறை வெப்பத்தில் இடைவெளியைத் தாண்டி மேல் பட்டைக்கு ஏறும் எலக்ட்ரான்கள் 10¹⁰ அளவில்தான். 5 லட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான். இப்போது பத்து லட்சத்தில் ஒரு சிலிக்கான் அணுவை மட்டும் எடுத்துவிட்டு அங்கே பாஸ்பரஸ் வைப்போம். பாஸ்பரஸுக்கு வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் கூடுதல். பிணைப்புகளில் அதற்கு இடம் இல்லை, லேசாகத் தட்டினாலே மேல் பட்டைக்குப் போய்விடும். மேல் பட்டையில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 50 லட்சம் மடங்கு எகிறுகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்துக்கு இப்படிப் பலன் தரும் பொருள் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. எஃகில் கார்பன் சேர்ப்பதெல்லாம் இதன் பக்கத்தில்கூட வராது.

பாஸ்பரஸுக்குப் பதில் போரான் வைத்தால் ஓர் எலக்ட்ரான் குறையும். நிரம்பிய பட்டையில் ஒரு காலி இடம், சில்லு விளையாட்டின் அந்தக் காலிக் கட்டம். பக்கத்து எலக்ட்ரான் அதில் உட்கார, அது விட்ட இடத்தில் அடுத்தது உட்கார, காலி இடமே நேர்மின்னூட்டம் கொண்ட துகள்போல நகர்ந்து போகிறது. இதற்குத் துளை என்று பெயர். இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, நிறை கொடுத்து, வேகம் அளந்து, அதை வைத்து ஒரு தொழிலே நடத்துகிறோம். எலக்ட்ரான் மிகுந்த பகுதியையும் துளை மிகுந்த பகுதியையும் அடுத்தடுத்து வைத்தால் மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் ஓடும். மூன்றாவதாக ஒரு முனையில் மின்னழுத்தம் கொடுத்து அந்த ஓட்டத்தைத் திறக்கவும் மூடவும் செய்தால் அது டிரான்சிஸ்டர். முதல் டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் வேலை செய்தது. மேல் பட்டை எலக்ட்ரான் துளைக்குள் விழும்போது இடைவெளி அளவுக்கு ஒளியை உமிழச் செய்தால் எல்இடி விளக்கு. நீல ஒளிக்கு அகலமான இடைவெளி வேண்டும், காலியம் நைட்ரைடில் அது 3.4 எலக்ட்ரான் வோல்ட். அந்தப் படிகத்தைச் சுத்தமாக வளர்க்கவும், போதிய துளைகளை அதில் உண்டாக்கவும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது.

நெரிசல்

இதுவரை சொன்னதில் ஓர் ஏமாற்று வேலை இருக்கிறது. ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றவற்றைக் கண்டுகொள்ளாமல் தனக்கான இடத்தில் உட்காருவதாகவே பேசிக்கொண்டு வந்தேன். உண்மையில் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. செம்பிலும் சிலிக்கானிலும் அதைச் சராசரியாக எடுத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். எல்லாப் பொருளிலும் முடியாது.

நிக்கல் ஆக்சைடு என்று வெளிர் பச்சை நிறத்தில் ஒரு பொருள். பட்டைக் கணக்குப்படி அதில் ஒரு பட்டை முழுதாக நிரம்பவில்லை, உலோகமாக மின்சாரம் கடத்த வேண்டும். ஆனால் அருமையான மின்கடத்தாப் பொருள். டி போரும் வெர்வேயும் 1937இல் இதைச் சுட்டிக்காட்டியதும் நெவில் மாட் உள்ளிட்டோர் காரணத்தைத் தேட ஆரம்பித்தார்கள். பக்கத்து அணுவில் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களோடு நெருங்கி உட்கார ஆகும் மின்விலக்குச் செலவு, நகர்வதால் கிடைக்கும் ஆதாயத்தைவிட அதிகம். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் கொஞ்சம் சாலை காலியாக இருந்தும் யாரும் நகராத போக்குவரத்து நெரிசல் மாதிரி. இவற்றை மாட் மின்கடத்தாப் பொருள்கள் என்கிறார்கள்.

லாந்தனம் தாமிர ஆக்சைடும் இந்த ரகம்தான். 1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் அதே குடும்பத்துப் பொருள் ஒன்றில் லாந்தனத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு பேரியம் சேர்த்தார்கள், அதாவது நெரிசலில் கொஞ்சம் துளைகளை உண்டாக்கினார்கள். அது சுமார் 30 கெல்வினில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாறத் தொடங்கியது. மட்பாண்டம் போன்ற ஒரு பொருளிடம் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. மறு வருடமே இதே குடும்பத்தில் இன்னொன்று, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினையும் தாண்டி 93 கெல்வினில் மீக்கடத்தியானது. பாதரசம், ஈயம் போன்ற பழைய மீக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் படிகத்தின் அதிர்வு மூலம் ஜோடி சேர்கின்றன என்று 1957இலேயே விளக்கம் வந்துவிட்டது. தாமிர ஆக்சைடுகளிலும் ஜோடி சேர்கின்றன என்பது தெரியும். எது சேர்த்துவைக்கிறது என்பதில்தான் நாற்பது வருடமாக முடிவில்லாத விவாதம்.

சமன்பாடு 1926இலிருந்து கையில் இருக்கிறது, தீர்க்கத்தான் முடியவில்லை. 300 எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டே இரண்டு வாய்ப்பு என்று வைத்தால்கூட, கணக்கில் கொள்ள வேண்டிய சேர்க்கைகளின் எண்ணிக்கை காணக்கூடிய பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களைவிட அதிகமாகிவிடும். ஒரு கிராம் லாந்தனம் தாமிர ஆக்சைடில் இருக்கும் எலக்ட்ரான்கள் 2.6 × 10²³.